சிங்கப்பூருக்கு கவரிங் நகை, கிளிப், சுருக்குப்பை அனுப்பப் போறீங்களா? முதல் ஆர்டருக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

வீட்டுல உக்காந்து ஜிமிக்கி, பட்டுநூல் வளையல், ஜடைபில்லை, சுருக்குப்பைன்னு செஞ்சு பிரிக்பீல்ட்ஸ்லயும் மஸ்ஜிட் இந்தியாவுலயும் கிள்ளான் லிட்டில் இந்தியாவுலயும் கடைக்குப் போடுறவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கோம். ஒருநாள் சிங்கப்பூர்ல இருந்து ஒரு கடைக்காரர் இன்ஸ்டாகிராம்ல பார்த்துட்டு "நூறு ஜோடி அனுப்ப முடியுமாம்மா"ன்னு கேப்பார், நாமளும் சந்தோஷத்துல சரின்னு சொல்லிடுவோம், அதுக்கு அப்புறம்தான் கஸ்தம், ஜி.எஸ்.டி, இன்வாய்ஸ்னு ஒவ்வொண்ணா வரும். நானும் என் அண்ணியும் சேர்ந்து இந்தத் தொழில் பண்றோம், முதல் தடவை சிங்கப்பூருக்கு அனுப்பும்போது யாரைக் கேட்டாலும் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொன்னாங்க, ஃபார்வர்டிங் ஏஜென்ட் ஒண்ணு சொல்றார், கூரியர் கவுண்டர்ல ஒண்ணு சொல்றாங்க, ஏற்கனவே அனுப்புற அக்கா ஒருத்தவங்க "சும்மா கிஃப்ட்னு எழுதி அனுப்பு"ன்னாங்க. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்னுதான் வரிசையா எழுதுறேன். கோலாலம்பூர், கிள்ளான் பக்கம் இருக்கிற சின்ன தயாரிப்பாளர்களை மனசுல வச்சு எழுதினது, பினாங்குல இருக்கிறவங்களுக்கும் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

ஒரு நல்ல சேதி முதல்லயே சொல்லிடுறேன். சிங்கப்பூர்ல மது, சிகரெட், வண்டி, பெட்ரோலியம் இந்த மாதிரி சில சாமானுக்கு மட்டும்தான் சுங்கவரி. நம்ம நகை, கிளிப், பைக்கு சுங்கவரி சுத்தமா கிடையாது. இருக்கிறது ஜி.எஸ்.டி மட்டும், 2024 ஜனவரி 1ல இருந்து அது 9 விழுக்காடு. ஆக பிரச்சனை வரிப்பணம் ரொம்பன்னு இல்லை, அந்த வரியை யார் பேர்ல யார் கட்டுறதுன்னு முன்னாடியே பேசாம விடுறதுதான் நம்மளைக் கவிழ்க்கும்.

1. இறக்குமதி பண்றவர் யாருன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

விலை சொல்றதுக்கு முன்னாடி, சரக்கு செய்ய உக்காரதுக்கு முன்னாடி, இந்தக் கேள்வி. சிங்கப்பூருக்குள்ள சரக்கை இறக்குற ஆள், பேப்பர்ல யாரு?

வாங்குறது கடைன்னா, அந்தக் கடைதான் இறக்குமதியாளரா இருக்கணும். அவங்களுக்கு யூ.இ.என் நம்பர் இருக்கும், அது நம்ம ஊர்ல எஸ்.எஸ்.எம், அதாவது கம்பெனி பதிவு ஆணையம், கொடுக்குற நம்பர் மாதிரி. அந்த நம்பரை சிங்கப்பூர் சுங்கத்துறைல ஆக்டிவேட் பண்ணியிருக்கணும், அப்பதான் அவங்க பேர்ல இறக்குமதி பெர்மிட் எடுக்க முடியும். உள்ளூர்ல மட்டும் சரக்கு வாங்கி விக்கிற சின்னக் கடை சிலது இதைப் பண்ணியே இருக்காது. ஆர்டர் கேக்கும்போதே "அண்ணா, உங்க யூ.இ.என் கொடுங்க, சுங்கத்துறைல ஆக்டிவேட் ஆயிருக்கா, உங்களுக்காகப் பெர்மிட் போடுற டிக்ளேரிங் ஏஜென்ட் யாரு"ன்னு கேட்டுடுங்க. பதில் வரலைன்னா அவங்க இன்னும் ரெடி இல்லைன்னு அர்த்தம், அவசரப்பட்டு செய்ய ஆரம்பிக்காதீங்க.

அடுத்தது, அந்தக் கடை ஜி.எஸ்.டி பதிஞ்ச கடையா இல்லையா. வருஷத்துக்கு 10 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேல வியாபாரம் பண்ற கடைதான் கட்டாயம் பதியணும். பதிஞ்ச கடைன்னா இறக்குமதில கட்டின 9 விழுக்காட்டை அவங்க கணக்குல திருப்பி எடுத்துக்குவாங்க, அவங்களுக்கு அது செலவே இல்லை. ஆனா பெர்மிட்ல இறக்குமதியாளர்னு அவங்க பேர் இருந்தாதான் அது நடக்கும். சின்னக் கடை, பதியலைன்னா, அந்த 9 விழுக்காடு அவங்க கையை விட்டுப் போற காசு, அதனால உங்ககிட்ட விலையைக் குறைக்கச் சொல்லுவாங்க. ரெண்டுக்கும் நீங்க பேசுற பேச்சு வேற, அதனால இதைத் தெரிஞ்சுக்காம விலை சொல்லாதீங்க.

வாங்குறது தனி ஆள், ஒரு செட் நெத்திச்சுட்டியும் ஒட்டியாணமும் கல்யாணத்துக்கு வேணும்னு கேக்குறாங்கன்னா இவ்வளவு வேண்டாம், கூரியர் கம்பெனியே பார்த்துக்கும், கீழ சொல்றேன்.

2. எஸ்.எஸ்.எம், பேங்க் கணக்கு

இது சீக்கிரம் முடியும். தனி உரிமையாளர் பதிவுக்கு எஸ்.எஸ்.எம்ல சொந்தப் பேர்னா வருஷத்துக்கு 30 ரிங்கிட், கடைப்பேர் வச்சா 60 ரிங்கிட். ஈஸிபிஸ் தளத்துலயே பதியலாம். சட்டப்படி தொழில் ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள பதிஞ்சிருக்கணும், அதனால வருஷக்கணக்கா பதியாம விக்கிறவங்க இதை இன்னும் தள்ளிப் போடாதீங்க. பதியும்போது தொழில் விவரத்துல "கைவினை நகை, அணிகலன் தயாரிப்பு, விற்பனை, ஏற்றுமதி"ன்னு தயாரிப்பையும் சேர்த்து எழுதுங்க, வெறும் சில்லறை விற்பனைன்னு போட்டா பின்னாடி கிராண்ட், கடன் கேக்கும்போது கேள்வி வரும்.

அந்தப் பேர்லயே பேங்க் கணக்கு. சொந்தக் கணக்குல வாங்கினா காசு வரத்தான் செய்யும், ஆனா இன்வாய்ஸ்ல ஒரு பேரு, பணம் போற கணக்கு இன்னொரு பேருன்னு இருந்தா கடைக்காரரோட கணக்காளர் பேமென்ட்டை நிறுத்தி வச்சிடுவார்.

3. எச்.எஸ் கோடு, இதுல பொறுமையா உக்காருங்க

எல்லா நாட்டு சுங்கத்துறையும் சாமானை நம்பர் வச்சுத்தான் பார்க்கும். முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒண்ணு, ஆசியான் நாடுகளுக்குள்ள 8 இலக்கம். நம்ம சுங்கத்துறையோட எச்.எஸ் எக்ஸ்ப்ளோரர்ல இலவசமாவே தேடிப் பார்க்கலாம்.

நம்ம ஆளுங்க பண்றது எல்லாத்தையும் மொத்தமா "அக்ஸசரீஸ்"னு ஒரே வரியில எழுதிடுறது. அந்த ஒரு வரிதான் பொட்டியை அங்க நிறுத்தி வைக்கும். ஒவ்வொரு வகைக்கும் தனி வரி, தனி கோடு.

கவரிங் நகை எல்லாம் 7117. பித்தளை, செம்பு, ஜிங்க் மாதிரி சாதா உலோகத்துல செஞ்ச ஜிமிக்கி, ஆரம், வங்கின்னா 7117.19, கண்ணாடி மணி, நூல், பிளாஸ்டிக்னா 7117.90. மேல தங்கமுலாம் போட்டிருந்தாலும் அது 7117தான், முலாம் அளவுக்குத் தங்கம் இருக்கிறதால நிஜ நகையா மாறாது. ஆனா வெள்ளில செஞ்சு முலாம் போட்ட டெம்பிள் நகை 7113க்குப் போயிடும், நிஜ முத்து, கார்னெட் மாதிரி கல்லு கோத்த மாலை 7116. சில பேர் ஒரே மாடலை பித்தளைலயும் செய்வாங்க வெள்ளிலயும் செய்வாங்க, பொட்டில கலந்து போட்டா கோடு ரெண்டு, வரி ரெண்டு, மறந்துடாதீங்க.

தலைக்குப் போடுறதுல நிறைய பேர் தடுமாறுறாங்க. கொண்டை ஊசி, ஹேர் கிளிப், சீப்பு இதெல்லாம் நகை கிடையாது, 9615. துணில செஞ்ச செயற்கை மல்லிகைச் சரம், ரோஜா கிளிப்போட பூ பாகம் மாதிரி செயற்கைப் பூ சாமான் 6702. சுருக்குப்பை, கிளட்ச் எல்லாம் 4202. பட்டு ஷால்னா 6214. தோல் பெல்ட் 4203.

சிங்கப்பூருக்கு எல்லாமே வரி பூஜ்யம்தானே, கோடு தப்பானா என்னன்னு கேக்கலாம். தப்பா சொல்றதே குற்றம், அது ஒண்ணு. அதோட, கோடும் விவரமும் ஒத்துப் போகலைன்னா அவங்க பொட்டியைத் திறப்பாங்க, திறந்த பொட்டிலேருந்து ஒரு ஜிமிக்கி காணாமப் போனா யாரையும் கேக்க முடியாது. நாளைக்கு தாய்லாந்து, இந்தோனேசியான்னு போகும்போது அங்க வரி இருக்கு, அப்ப இதே கோடு லிஸ்ட்தான் கை கொடுக்கும். ஒரு தடவை உக்காந்து உங்ககிட்ட இருக்கிற ஒவ்வொரு மாடலுக்கும் போட்டோ, என்ன பொருள்ல செஞ்சது, எடை, கோடுன்னு ஒரு எக்ஸெல் ஷீட் போட்டுடுங்க.

விவரம் எழுதுற விதம் ரொம்ப முக்கியம். "கோல்ட் இயர்ரிங்ஸ்"னு எழுதவே எழுதாதீங்க. நம்ம பேச்சுல கோல்ட் கலர்னு சொல்றதுதான், ஆனா கூரியர் கம்பெனிங்க நிறைய தங்கம், விலை உயர்ந்த நகையை எடுக்கவே மாட்டாங்க, அந்த வார்த்தையைப் பார்த்தாலே திருப்பி அனுப்பிடுவாங்க. "இமிட்டேஷன் ஜுவல்லரி, பிராஸ், கோல்ட் பிளேட்டட், இயர்ரிங்ஸ், 100 ஜோடி" இப்படி என்ன வகை, எதுல செஞ்சது, என்ன சாமான், எத்தனைன்னு நாலும் வரணும்.

4. பொட்டிக்குள்ள போகக் கூடாதது

இதைக் கொஞ்சம் கவனமா படிங்க, ஏன்னா இங்க நாம சாதாரணமா பசார்ல வாங்குற சாமான் சிலது எல்லை தாண்டும்போது பெரிய விஷயமாயிடும்.

செம்மரத்துல செஞ்ச மணி, காஹாரு அதாவது அகில் கட்டை வளையல், மலைப்பாம்பு தோல் பர்ஸ், முதலைத் தோல் பெல்ட், பவளம், பெரிய கிளிஞ்சல் ஓடு. இதுல நிறைய வகை சைட்டிஸ்ங்கிற அனைத்துலக ஒப்பந்தத்துல வருது. பெர்மிட் இல்லாம அனுப்பினா சரக்கு போச்சு, வழக்கும் வரும். மிருகச் சம்பந்தப்பட்டதுன்னா பெர்ஹிலித்தான்ங்கிற வனவிலங்குத் துறை, கடல் சாமான்னா மீன்வளத்துறை, மரம்னா மலேசிய மரத்தொழில் வாரியம்னு போய்க் கேக்கணும். தந்தத்தை நினைச்சே பார்க்காதீங்க, சிங்கப்பூர்ல 2021 செப்டம்பர்ல இருந்து உள்ளூர் விற்பனையே தடை. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் அபிப்பிராயம், இந்தச் சாமான் எதையும் முதல் ரெண்டு வருஷத்துக்குத் தொடாதீங்க, கண்ணாடி மணி, பித்தளை, நூல், துணின்னு சுத்தமா இருக்கிறதுலயே அழகா செய்யலாம்.

இன்னொண்ணு, கல்யாண செட்டுன்னு சொல்லி நகையோட மருதாணி கோன், சாந்து, குங்குமம், நெயில் பாலிஷ் எல்லாம் ஒரே பொட்டில வச்சு அழகா கட்டுவோம்ல, அதுல அந்தச் சாமான் எல்லாம் அழகுசாதனம். சிங்கப்பூர்ல அழகுசாதனம் விக்கிறதுக்கு முன்னாடி எச்.எஸ்.ஏங்கிற அவங்க சுகாதார அறிவியல் ஆணையத்துகிட்ட ஒவ்வொரு பொருளையும் அறிவிக்கணும். நெயில் பாலிஷ், சென்ட் எல்லாம் விமானத்துல ஆபத்தான சரக்கு வேற. செட்டுல இருந்து எடுத்துடுங்க, கடைக்காரர் அங்கேயே வாங்கிச் சேர்த்துக்கட்டும்.

"நிக்கல் ஃப்ரீ"ன்னு அட்டைல அடிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. லேப் ரிப்போர்ட் இருந்தா மட்டும் அடிங்க. மூலப்பொருள் வித்தவர் வாயால சொன்னதை நம்பி அடிச்சு, ஒரு பிள்ளைக்குக் காது புண்ணாகிப் போச்சுன்னா அது வெறும் ரீஃபண்ட் விஷயம் இல்லை. சிங்கப்பூர்ல 2012ல இருந்து லெமன் லாங்கிற வாங்குறவர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, வாங்கின 6 மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா அது வாங்கும்போதே இருந்த குறைன்னுதான் எடுத்துக்குவாங்க. கடைக்காரர் மாத்திக் கொடுக்கணும், அவர் அடுத்து உங்ககிட்டதான் வருவார். முலாம் எத்தனை மாசம் நிக்கும்னு உண்மையா சொல்லி, தண்ணி படக் கூடாதுன்னு ஒரு சின்ன அட்டை எல்லா ஜோடியோடயும் வச்சிடுங்க.

5. விலை போடுறது

உள்ளூர் விலையை அப்படியே சிங்கப்பூர் டாலரா மாத்தி லாபம்னு நினைக்கிறதுதான் இங்க நடக்குறது. நூறு ஜோடி ஜிமிக்கி, ஜோடி 8 சிங்கப்பூர் டாலர், மொத்தம் 800ன்னு வைங்க. அனுப்புற செலவும் இன்சூரன்ஸும் 40. அவங்க ஜி.எஸ்.டி போடுறது சாமான் விலைக்கு மட்டும் இல்லை, இந்த 840க்கு. அதுல 9 விழுக்காடு 75.60 டாலர். ஒரு டாலர் 3.20 ரிங்கிட்னு வச்சுக்கிட்டா ஏறக்குறைய 242 ரிங்கிட். இதை யார் கட்டுறதுன்னு பேசலைன்னா கூரியர்காரர் கடை வாசல்ல நின்னு காசு கேப்பார், கடைக்காரர் உங்களுக்குப் போன் அடிப்பார், நீங்க கட்டிடுறேன்னு சொல்லிடுவீங்க, லாபம் அங்கேயே போயிடும். வரியோட சேர்த்து கூரியர் கம்பெனி முன்பணம் கட்டினதுக்கு ஒரு கையாளும் கட்டணமும் வாங்கும், அதையும் முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

பேப்பர்ல இதுக்கு ரெண்டு சுருக்கப் பேர் இருக்கு. டி.ஏ.பின்னா வாசல் வரைக்கும் கொண்டு சேர்க்கிறது உங்க செலவு, வரி அவங்களோடது. டி.டி.பின்னா வரி உட்பட எல்லாம் உங்க தலைல. கடைக்கு அனுப்புறதுன்னா டி.ஏ.பி கேளுங்க, அதுதான் அவங்களுக்கும் நல்லது, ஜி.எஸ்.டி பதிஞ்ச கடைன்னா திருப்பி எடுத்துக்கலாம்ல. தனி ஆளுக்கு அனுப்பும்போது ஒரே விலையா சொல்லிட்டா அவங்களுக்கு நிம்மதி, அப்ப டி.டி.பி கணக்குல விலை போடுங்க.

கூலியைக் கணக்குல எழுதுங்க, இதை வேண்டிக் கேட்டுக்கிறேன். வீட்டுப் பொம்பளைங்க ராத்திரி உக்காந்து கோக்குறதுக்கு விலை போடாம சாமான் காசு மட்டும் கணக்குப் பார்த்து விலை சொல்லி, ஆர்டர் பெருசானதும் வெளி ஆளை வச்சா கையைக் கடிக்கும். முதல் நாளே ஒரு ஜோடிக்கு எத்தனை நிமிஷம்னு எழுதி கூலியைச் சேர்த்துடுங்க.

6. பேப்பர்

கமர்ஷியல் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கே2. சின்ன ஆளுங்களுக்கு இந்த மூணுதான்.

இன்வாய்ஸ்ல உங்க கடைப்பேர், எஸ்.எஸ்.எம் நம்பர், முகவரி, வாங்குறவர் பேர், யூ.இ.என், இன்வாய்ஸ் நம்பர், தேதி, ஒவ்வொரு வரிக்கும் விவரம், எச்.எஸ் கோடு, எண்ணிக்கை, ஒண்ணோட விலை, எந்தப் பணம், டி.ஏ.பியா டி.டி.பியா, எந்த நாட்டுல செஞ்சது, எல்லாம் இருக்கணும். பேக்கிங் லிஸ்ட்ல எத்தனாவது பொட்டில என்ன, எடை என்ன. ரெண்டுலயும் எண்ணிக்கை ஒரே மாதிரி இருக்கான்னு இன்னொரு ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க, எழுதினவங்க கண்ணுக்குத் தப்பு தெரியாது.

"செஞ்ச நாடு மலேசியா"ன்னு போடுறதுல நேர்மையா இருங்க. ஜெய்ப்பூர்ல இருந்தோ குவாங்சோல இருந்தோ முழுசா செஞ்சு வந்ததை வாங்கி அட்டை மாத்தி அனுப்பினா அது மலேசியச் சரக்கு ஆகாது. மணியும் கொக்கியும் இறக்குமதி, வடிவமைச்சு கோத்து முடிச்சது இங்கன்னா அது வேற கதை.

கே2ங்கிறது நம்ம நாட்டு சுங்கத்துறைக்குக் கொடுக்குற ஏற்றுமதி பாரம். கே1 இறக்குமதிக்கு, மாத்திக் குழம்பாதீங்க. கூரியர்ல போற சின்னப் பொட்டிக்கு அவங்களே க்ளியரன்ஸ் பண்ணிடுவாங்க, லோரில சரக்கா போச்சுன்னா ஏஜென்ட் டாகாங் நெட்ங்கிற ஆன்லைன் தளம் வழியா போடுவார். ஏஜென்ட்கிட்ட விலை கேக்கும்போது மொத்தமா கேக்காதீங்க, கே2க்கு எவ்வளவு, சிங்கப்பூர் பக்கம் பெர்மிட்டுக்கு எவ்வளவு, லோரிக்கு எவ்வளவு, ஏத்தி இறக்க எவ்வளவுன்னு பிரிச்சு எழுதித் தரச் சொல்லுங்க. எங்களுக்கு ஒரு ஏஜென்ட் வாயால சொன்ன விலைக்கும் பில்லுக்கும் சம்பந்தமே இல்லாம வந்துச்சு, எழுதி வாங்கின பிறகு அந்தப் பேச்சே வரலை.

கே2 காப்பியைக் கட்டாயம் கேட்டு வாங்கி வைங்க. விக்காத சரக்கு திரும்பி வரும்போது இது இங்கேருந்து போன நம்ம சரக்குதான்னு காட்ட அதுதான் ஆதாரம், இல்லைன்னா உங்க சொந்தச் சரக்குக்கே நீங்க இறக்குமதி வரி கட்ட வேண்டி வரலாம். எல்லாப் பேப்பரும் 7 வருஷம் இருக்கணும், வருமான வரிக்கும் அதே கணக்கு.

7. அனுப்புற வழி

விமானக் கூரியர்லயோ தபால்லயோ போறதுக்கு ஒரு சலுகை இருக்கு. சாமான் விலை, அனுப்புற செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 400 சிங்கப்பூர் டாலருக்குள்ளன்னா எல்லைல ஜி.எஸ்.டி கிடையாது. தனி ஆள் ஆர்டர் எல்லாம் பெரும்பாலும் இதுக்குள்ள அடங்கிடும். ஷாப்பி, லசாடா மாதிரி தளத்துல வித்தா 2023ல இருந்து அவங்களே வாங்குறவர்கிட்ட ஜி.எஸ்.டியை முன்னாடியே வாங்கிடுவாங்க, அது வேற கணக்கு.

ஆனா இந்த 400 டாலர் சலுகை ரோட்டு வழியா போறதுக்கு இல்லை. கோலாலம்பூர்ல இருந்து சிங்கப்பூருக்கு ராத்திரி கிளம்பி காலைல சேருற லோரி சேவை நிறைய இருக்கு, விலையும் மலிவு, ஆனா அது ஜொகூர் பாலம் வழியா போகுது, அங்க 50 டாலர் சாமானா இருந்தாலும் ஜி.எஸ்.டி உண்டு. மலிவுன்னு லோரில விடுறதுக்கு முன்னாடி "இது விமானத்துல போகுதா ரோட்டுல போகுதா"ன்னு கேளுங்க. சின்னப் பொட்டிக்கு விமானம், பெரிய ஆர்டருக்கு லோரி, பொதுவா இப்படித்தான் கட்டுப்படியாகும்.

போஸ் மலேசியா தபால்னா சி.என்22 இல்லைன்னா சி.என்23 பாரம் இருக்கும், அதுலயும் மேல சொன்ன மாதிரியே விவரம் எழுதணும்.

மூணு வேலை மட்டும் செய்யாதீங்க. கிஃப்ட்னு எழுதுறது, விலையைக் குறைச்சு எழுதுறது, ஒரே ஆர்டரை 400க்குள்ள வர்ற மாதிரி உடைச்சு ஒரே ஆளுக்கு நாலு பொட்டியா விடுறது. சிங்கப்பூர்ல வரி ஏய்ப்புக்கு ஏய்ச்ச தொகையோட 20 மடங்கு வரைக்கும் அபராதம், 2 வருஷம் வரைக்கும் ஜெயில். அதோட பேப்பர்ல 50 டாலர்னு எழுதின பொட்டி தொலைஞ்சா இன்சூரன்ஸ் கொடுக்கிறதும் 50 டாலர்தான்.

கார்லயோ பஸ்லயோ பையில கொண்டு போறதைப் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா நம்ம ஆளுங்க அதிகம் பண்றது இதுதான். பயணிகளுக்கு இருக்கிற ஜி.எஸ்.டி சலுகை சொந்த உபயோகத்துக்கு மட்டும். விக்கிறதுக்குக் கொண்டு போற சாமான் ஒரு பை நிறைய இருந்தாலும் அது வியாபார இறக்குமதி, பெர்மிட் வேணும், சிவப்புப் பாதைல போய்ச் சொல்லணும். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடில நிறுத்திப் பிடிச்சா சரக்கு மட்டும் இல்லை, அடுத்த தடவை நீங்க போகும்போதும் வரும்போதும் தொல்லை.

8. அங்க போய் ஸ்டால் போடணும்னா

தீபாவளி நேரத்துல சிராங்கூன் ரோடு, கேம்பல் லேன் பக்கம், நோன்பு மாசத்துல கேலாங் சிராய், ஆசை வரத்தான் செய்யும். ஸ்டால் வாடகையை மட்டும் பார்க்காதீங்க. மலேசியக்காரங்க சுலபமா உள்ள போயிடலாம், அது வேலை பண்ண அனுமதி கிடையாது. நீங்க நின்னு விக்கிறதுக்கு எந்த பாஸ் வேணும்னு ஏற்பாட்டாளர்கிட்ட எழுத்துல வாங்குங்க, எழுத்துல தரலைன்னா காசு கட்டாதீங்க. உள்ளூர் கடைக்காரர் ஒருத்தரை வச்சு அவர் ஸ்டால்ல உங்க சரக்கை விக்கிறது பாதுகாப்பு.

ஏ.டி.ஏ கார்னெட்னு ஒண்ணு இருக்கு, இங்க மலேசிய அனைத்துலக வர்த்தகத் தொழிலியல் சங்கம் அதாவது மிக்கி கொடுக்குறாங்க. கண்காட்சிக்கு சாம்பிள் கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வர்றதுக்கு வரி கட்டாம போகலாம், ஒரு வருஷம் செல்லும். ஆனா போன சாமான் எல்லாம் திரும்பி வந்தாகணும், ஒரு ஜோடியைக்கூட விக்க முடியாது. விக்கிற சரக்கை அதுல ஏத்தாதீங்க.

9. காசு வாங்குறது

முதல் ஆர்டருக்கு பாதி முன்பணம், மீதி பொட்டி கிளம்புறதுக்கு முன்னாடி. "வித்த பிறகு தர்றேன் தங்கச்சி"ன்னு சொல்ற கடைக்கு முதல் தடவை ஒத்துக்காதீங்க, அப்படி வச்சு விக்கிறதுக்கு விட்டாலும் இறக்குமதி ஜி.எஸ்.டி பொட்டி உள்ள போகும்போதே கட்டணும், விக்காட்டியும் கட்டினதுதான். பழகின கடைன்னா எத்தனை மாசம், விக்காததைத் திருப்பி அனுப்புற செலவு யாரோடது, காணாமப் போனா யார் பொறுப்புன்னு ஒரு பக்கத்துல எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க.

சின்னத் தொகைக்கு சிங்கப்பூரோட பேநவ், நம்ம டூயிட்நவ் ரெண்டுக்கும் நடுவுல பணம் அனுப்புற இணைப்பு இருக்கு, 2023 நவம்பர்ல இருந்து நடக்குது, சேர்ந்திருக்கிற பேங்க்ல போன் நம்பர் வச்சே அனுப்பலாம். பெரிய தொகைக்கு பேங்க் டி.டி, அதாவது பேங்க்ல இருந்து பேங்க்குக்கு நேரா அனுப்புற பணம். ரெண்டு பக்க பேங்க் கட்டணத்தையும் யார் தாங்குறதுன்னு இன்வாய்ஸ்லயே எழுதுங்க. ஏற்றுமதி பண்ணின காசு பொதுவா 6 மாசத்துக்குள்ள மலேசியாவுக்கு வந்து சேரணும்ங்கிறது நம்ம மத்திய வங்கியான பேங்க் நெகாராவோட விதி, அதனால கடனை இழுத்துக்கிட்டே போற கடைக்காரர்கிட்ட இதையே காரணமாச் சொல்லிக் கேக்கலாம்.

10. எப்ப ஆரம்பிக்கிறது

2026ல தீபாவளி நவம்பர் 8. கடைக்காரங்க செப்டம்பர் கடைசில சரக்கை அடுக்கி வச்சிருக்கணும்னு பார்ப்பாங்க. அப்படின்னா ஆகஸ்ட் கடைசிக்குள்ள உங்க பொட்டி கட்டி முடிஞ்சிருக்கணும், மணி, கொக்கி, கல்லு எல்லாம் ஜூன்லயே கையில இருக்கணும். ஆடி மாசம் கல்யாணம் இல்லாததால கடை காத்தாடும், அப்ப சாம்பிளைக் கொண்டு போய்க் காட்டுங்க, உக்காந்து பேச அவங்களுக்கும் நேரம் இருக்கும், ஆவணில கல்யாண ஆர்டர் வந்துடும். அக்டோபர்ல போய்ச் சாம்பிள் காட்டினா நல்லா இருக்கும்மான்னு சொல்லிட்டு அடுத்த வருஷம் பார்க்கலாம்னுடுவாங்க.

முதல் ஆர்டரை சின்னதா ஒரு பொட்டியா அனுப்பிப் பாருங்க, பேப்பர் எங்க இடிக்குதுன்னு அதுலயே தெரிஞ்சிடும். தீபாவளிச் சரக்கையே முதல் பொட்டியா ஆக்காதீங்க.

11. பேரு, கிராண்ட், அடுத்த நாடு

உங்க பேரும் லோகோவும் கொஞ்சம் தெரிய ஆரம்பிச்சிட்டா மைஐபிஓங்கிற மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்துல ட்ரேட்மார்க் போடுங்க, அவங்க ரெடி லிஸ்ட்ல இருந்து சாமானைத் தேர்ந்தெடுத்தா ஒரு வகுப்புக்கு 950 ரிங்கிட், சொந்தமா எழுதினா 1,100. நகை 14ஆவது வகுப்பு, தலை அலங்காரம் 26, பை 18. எல்லாத்துலயும் போடாதீங்க, அதிகம் விக்கிறதுல மட்டும் போடுங்க. மலேசியப் பதிவு சிங்கப்பூர்ல செல்லாது, அங்க தனியா போடணும், 2019 டிசம்பர்ல மலேசியா மெட்ரிட்ங்கிற அனைத்துலக ட்ரேட்மார்க் பதிவு முறைல சேர்ந்ததால இங்கேருந்தே விண்ணப்பிக்கலாம்.

மெட்ரேட்ல, அதாவது ஏற்றுமதிக்கு உதவுற அரசாங்க அமைப்புல, பதியுறது இலவசம், சிங்கப்பூர்லயும் அவங்களுக்கு ஆபீஸ் இருக்கு, கடைக்காரங்க விவரம் கேக்கலாம். அவங்க கொடுக்குற சந்தை மேம்பாட்டு கிராண்ட் நீங்க முதல்ல செலவு பண்ணி அப்புறம் திரும்பக் கேக்குறது, அதனால கிராண்ட் வரும்னு நம்பிக் கடன் வாங்காதீங்க, ஒவ்வொரு ரசீதையும் கடைப்பேர்லயே வாங்குங்க. முதலுக்கு தெக்குன்ங்கிற அரசாங்கக் கடன் நிறுவனத்துல இந்தியர்களுக்கு ஸ்பூமி கடன் திட்டம் இருக்கு, பொம்பளைங்களுக்கு அமானா இக்தியார்ங்கிற சிறுகடன் நிறுவனம் வழியா பென் திட்டம் இருக்கு, ரெண்டுக்கும் எஸ்.எஸ்.எம்மும் பேங்க் கணக்கும் ஒழுங்கா இருந்தா பேச்சு சுலபம்.

பினாங்குல இருக்கிறவங்களுக்கு புக்கிட் காயு ஹீத்தாம் தாண்டி தாய்லாந்துதான் பக்கம்னு தோணும். அங்க சுங்கவரி உண்டு, 7 விழுக்காடு வாட் வேற. இந்தோனேசியால 2023 விதிப்படி வெளிநாட்டுல இருந்து ஆன்லைன்ல நேரா விக்கிற சாமான் பொதுவா ஒண்ணு 100 அமெரிக்க டாலருக்குக் குறைவா இருக்கக் கூடாது, நம்ம ஜிமிக்கி அந்த விலைக்கு வராது, அதனால கடை மூலமா மொத்தமா போனாத்தான் உண்டு. இந்த நாடுகளுக்கு ஆசியான் வரிச்சலுகை வேணும்னா ஃபார்ம் டிங்கிற பிறப்பிடச் சான்றிதழ் வேணும், அதை மித்தி அதாவது முதலீடு, வர்த்தகம், தொழில் அமைச்சு கொடுக்கும். ஒரு பொட்டி 200 அமெரிக்க டாலருக்குள்ளன்னா அது வேண்டாம். அந்தச் சான்றிதழை வாங்கணும்னா பொதுவா சாமானோட மதிப்புல 40 விழுக்காடாவது ஆசியானுக்குள்ள வந்ததுன்னு காட்டணும், இல்லைன்னா இறக்குமதி பண்ணின மூலப்பொருளோட 4 இலக்கக் கோடு செஞ்சு முடிச்ச சாமான்ல மாறியிருக்கணும். மூலப்பொருள் ரசீது, கூலிக் கணக்கு எல்லாம் கேப்பாங்க, சான்றிதழுக்கு முன்னாடியே அந்தச் செலவுக் கணக்கைக் கொடுத்து ஒப்புதல் வாங்கணும். மணி எங்க வாங்கினது, கொக்கி எங்க வாங்கினதுன்னு இன்னைக்கே ரசீதோட எழுதி வைக்க ஆரம்பிச்சா அப்ப தேடி அலைய வேண்டாம், மஸ்ஜிட் இந்தியாவுல சில்லறைக்கு வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்குங்க.